மறைத்து வைப்பதற்கான அனுமதி

யோகநாதனிடம் துப்பாக்கி இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. அதை மறைத்து வைத்திருப்பதற்கான அனுமதி மட்டும் அவருக்குத் தேவைப்பட்டது.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் அவருக்கு ஒரு நகைக்கடை இருந்தது. அதே தெருவில் இன்னொரு நகைக்கடையில் பட்டப்பகலில் கொள்ளை நடந்தது. அதன் பிறகு காப்புறுதிக் கம்பனி எல்லா நகைக்கடைக்காரர்களுக்கும் அறிவித்தது. ஆயுதம் மறைத்து வைத்திருக்க அனுமதி பெற்ற முதலாளிகளின் கடைகளை மட்டுமே வரும் ஆண்டு காப்புறுதி செய்யும். அப்படியென்றால் ஆயுதம் இருக்க வேண்டுமா என்று யோகநாதன் தொலைபேசியில் கேட்டார். மறைத்து வைத்திருக்கும் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கம்பனி திருப்பிக் கேட்டது.

காப்புறுதி இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

மறைவாயுத அனுமதிப் பணிமனை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. உள்ளே இரண்டு மேசைகள். இடது பக்கம் உள்மாவட்டப் பிரிவு. வலது பக்கம் வெளிமாவட்டப் பிரிவு. நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. இரண்டு பிரிவினரும் ஒருவரோடொருவர் எழுத்தில் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

இடது மேசையில் மர்கரீத் என்ற அம்மையார் இருந்தார். நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டார். பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் என்றார் யோகநாதன். உள்மாவட்ட அனுமதி, தூங்கும் மாவட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்று அம்மையார் விளக்கினார்.

கடை பாரிஸில் இருக்கிறதே என்றார் யோகநாதன்.

"கடையில் தூங்குகிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் அங்கே செல்லாது. வீட்டில் தங்கம் இருக்கிறதா?"

மனைவியின் கழுத்தில் இருக்கிறது என்றார்.

"அதை யாரிடமிருந்து பாதுகாக்கப் போகிறீர்கள்?"

பதில் தரப்படவில்லை என்று அம்மையார் குறித்துக்கொண்டார். மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றும், சோதனை எதுவும் இல்லை என்றும், தூங்குபவர்களைச் சோதிப்பது பண்பல்ல என்றும் சொன்னார்.

வலது மேசையில் எமில் என்பவர் இருந்தார். மெலிந்த மனிதர். சட்டையின் கடைசிப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். வெளிமாவட்ட அனுமதி சில வாரங்களில் கிடைக்கும் என்றார். தூங்கும் மாவட்டத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் செல்லும். ஆகவே கடையிலும் செல்லும்.

வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில் என்ன செய்வது என்று யோகநாதன் கேட்டார். கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனால் அவர் சட்டத்துக்குப் பயந்தவர்.

"நீங்கள் வரும் ரயில் மாவட்ட எல்லையில் நிற்குமா?"

"நிற்காது."

"ஆகவே எல்லையைத் தாண்டும் கணத்தில் நீங்கள் ஆயுதத்தை மறைக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் மறைத்தால் குற்றம்."

"அதற்கு முன் அதை எப்படி வைத்திருப்பது?"

"வைத்திருக்கக் கூடாது."

"பிறகு அது எங்கேயிருந்து வரும்?"

"அது விற்பனைப் பிரிவுக்குரிய கேள்வி" என்றார் எமில். "நாங்கள் மறைப்பதை மட்டுமே பார்க்கிறோம்."

யோகநாதன் ஒரு வாரம் யோசித்தார். தெருவில் தெரிந்தவர்களிடம் கேட்டார். பலசரக்குக் கடைக்காரர்கள் உள்மாவட்டம் என்றார்கள். நகைக்கடைக்காரர்கள் வெளிமாவட்டம் என்றார்கள். இதுவரை எவரும் எதையும் பெற்றிருக்கவில்லை. வீட்டில் மனைவி சாரதாதேவியிடம் கேட்டார். துவக்கு இல்லாத மனிசனுக்கு எந்த அனுமதிக் காட் இருந்தால் என்ன என்று அவர் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்தன. யோகநாதன் வலது மேசைக்குப் போனார்.

வெளிமாவட்டத்துக்கு ஒரு சோதனை இருந்தது. பணிமனை ஒரு மரத்துண்டைக் கொடுக்கும். துப்பாக்கி வடிவில் செதுக்கியது. அதை உடம்பில் மறைத்துக்கொண்டு காத்திருப்பு அறையில் உட்கார வேண்டும். எமில் வந்து பார்ப்பார்.

முதல் தடவை யோகநாதன் அதைக் கோட்டுக்குள் நன்றாக மறைத்திருந்தார். எமில் அவரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். விண்ணப்பதாரரிடம் ஆயுதம் எதுவும் காணப்படவில்லை, ஆகவே மறைக்கும் திறனை மதிப்பிட முடியவில்லை என்று எழுதினார். அடுத்த தடவை யோகநாதன் பிடியைச் சற்றே வெளியே தெரியவிட்டார். ஆயுதம் தெரிகிறது என்று எமில் எழுதினார்.

அன்று அவருக்குப் பக்கத்தில் லாசர் உட்கார்ந்திருந்தார். புதுச்சேரிக்காரர். எபினே என்ற ஊரில் சிகரெட் கடை வைத்திருப்பவர். நெடுங்காலமாக அங்கே வந்துபோகிறார். அவருடைய மரத்துண்டு கைபட்டுக் கைபட்டு மெருகேறியிருந்தது.

"முசியே, முதல்ல எழுந்திருச்சு, நான் மறைச்சு வச்சிருக்கேன்னு சத்தமா சொல்லிடணும். அப்புறம் உக்காந்து மறைக்கணும். அவங்களுக்குத் தெரிஞ்சும் இருக்கணும், தெரியாமலும் இருக்கணும். நம்ம வீட்டு விஷயம் மாதிரிதான்."

யோகநாதன் அப்படியே செய்தார். தேறினார்.

மிச்சம் இருந்தது சாட்சி. ஆயுதம் பழகிய ஒருவர் வந்து விண்ணப்பதாரரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதன் நியாயத்தை எமில் மேசையில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு விளக்கினார். "ஒருவர் தன் மாவட்டத்தில் சுட்டால் அவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். வெளி மாவட்டத்தில் சுட்டால் அந்நியர். அந்நியர்களைக் குறித்து எங்களுக்கு எந்த விரோதமும் இல்லை. அவர்களைத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். அவரும் அந்நியராக இருந்தால் பாதகமில்லை."

ஆயுதம் பழகியவர் எவரையும் யோகநாதனுக்குத் தெரியாது. லாசருக்குத் தெரிந்திருந்தது.

"உங்க கடையில வன்னியிலேந்து வந்தவர் ஒருத்தர் இருக்காரே. அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே போதும் இவங்களுக்கு. அவர் வாயே திறக்க வேணாம். நீங்கதானே பிரெஞ்சுல சொல்லப் போறீங்க."

அவர் சொன்னது தவசீலனை. யோகநாதனின் கடையில் ஷட்டரைத் தூக்குவதும் கண்ணாடிகளைத் துடைப்பதும் அவருடைய வேலை. முப்பது வயது தாண்டியவர். போர் முடிந்தபின் முகாமில் இருந்து, பல நாடுகள் சுற்றி பாரிஸ் வந்து சேர்ந்தவர். மனைவி கஜானி வவுனியாவில் இருந்தார். தவசீலனின் அகதி வழக்கு முதலில் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் இருந்தது. விசாரணையில் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டிருந்தார்கள். ஆயுதம் தொட்டாயா. அவர் ஒவ்வொரு முறையும் இல்லை என்றார். அவர் ஒரு பேக்கரியில் பாண் போட்டவர். சுசான் என்ற வழக்கறிஞர் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வழக்கைக் கட்டியிருந்தார்.

இதெல்லாம் யோகநாதனுக்கு நன்றாகத் தெரியும். சுசானிடம் தவசீலனைக் கூட்டிப் போய் மொழிபெயர்த்தவர் அவர்தான். லாசப்பலில் பிரெஞ்சு தெரிந்த ஒவ்வொருவரும் தெரியாத ஒருவருக்காக எங்காவது போய் உட்காருகிறார்கள். கடை முதலாளி என்றால் அது கடமை. தவசீலன் யோகநாதனை ஒரு நாளும் முதலாளி என்ற பொருளில் பத்ரோன் என்று கூப்பிட்டதில்லை. அண்ணை என்றுதான் கூப்பிட்டார்.

என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று யோகநாதன் கேட்டார். அதுக்கென்ன அண்ணை என்று தவசீலன் கைகளைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டார். நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

எமில் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். தவசீலன் உண்மையைச் சொல்வதாகக் கை உயர்த்தினார். கேட்டதைக் கேட்டபடி சொல்வதாக யோகநாதன் கை உயர்த்தினார்.

"இவர் ஆயுதம் கையாண்டவரா?"

யோகநாதன் தவசீலனின் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்வியை அவர் சரியாகவே மொழிபெயர்த்தார்.

"துவக்கு ஏதும் தொட்டிருக்கிறீரோ எண்டு கேக்கிறார்."

தவசீலனின் முகம் மாறியது. "இல்லையண்ணை. பாண் வெட்டுற கத்தியைத் தவிர நான் ஒண்டையும் தொட்டதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே. வடிவாச் சொல்லுங்கோ."

யோகநாதன் எமிலின் பக்கம் திரும்பினார். ஆம் என்று பிரெஞ்சில் சொன்னார்.

அவர் இவ்வளவு நேரம் பேசினாரே என்றார் எமில்.

"தமிழ் நீண்ட மொழி" என்றார் யோகநாதன்.

எமில் குறித்துக்கொண்டார். எவ்வளவு காலம் பயிற்சி என்று கேட்டார். பேக்கரியில் எவ்வளவு காலம் நின்றீர் என்று யோகநாதன் தவசீலனைக் கேட்டார். தவசீலன் ஆறுதலடைந்தது தெரிந்தது. ஆறு வருடம், பதினாறு வயதில் சேர்ந்தேன் என்றார். யோகநாதன் அதை அப்படியே சொன்னார். இரவிலும் நடந்ததா என்று எமில் கேட்டார். இரவில்தான் கூட, விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்றார் தவசீலன். அதையும் அப்படியே சொன்னார். குழுவில் எத்தனை பேர் என்று எமில் கேட்டார்.

"ஏழு பேர் அண்ணை" என்றார் தவசீலன். "இப்ப ரெண்டு பேர்தான் இருக்கிறம்."

யோகநாதன் அதையும் சொன்னார். எமில் பேனையை வைத்துவிட்டுத் தலை குனிந்தார். பிறகு எழுந்து தவசீலனின் கையைப் பிடித்தார்.

"இருபது வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன்" என்றார். "மறைத்தல் பற்றிய விதிகளை எழுதியவன் நான். நான் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. தொட்டவரையும் பார்த்ததில்லை. அதனால்தான் நடுநிலையாக இருக்க முடிந்தது. இன்று அதை இழந்துவிட்டேன். இவரைப் போன்ற சாட்சியை அரசாங்கம் மறக்கக் கூடாது. இவர் பெயர் எந்தெந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பிரதி அனுப்புவேன்."

யோகநாதன் தடுத்திருக்கலாம். நன்றி என்று சொன்னார்.

படியில் இறங்கும்போது, தனக்கு எதற்காகக் கை கொடுத்தார் என்று தவசீலன் கேட்டார். நல்ல வேலைக்காரன் என்று சொன்னேன் என்றார் யோகநாதன். அன்று மத்தியானம் அவருக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. பசிக்கவில்லை என்றார். ஒரு பதிலைத்தான் மாற்றினோம், மற்றதெல்லாம் அவர் சொன்னபடியேதான் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. அதுதான் அவரைச் சாப்பிட விடவில்லை.

அனுமதி வந்தது. கம்பனி அதைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் சுசான் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். தவசீலன் அவருக்குக் கொடுத்திருந்தது கடையின் இலக்கத்தைத்தான். வழக்கில் புதிதாக ஒரு பத்திரம் வந்து சேர்ந்திருப்பதாகச் சொன்னார். தவசீலன் பதினாறு வயதிலிருந்து ஆறு வருடம் ஆயுதப் பயிற்சி பெற்றதாக ஒரு பணிமனை உறுதி செய்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் பெயர் படிக்க முடியாதபடி இருக்கிறது. விசாரணைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. இது உண்மையென்றால் வழக்கு முடிந்தது, அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

தவசீலன் கடையின் முன்னால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். வோக்கா, என்னவாம் என்று கேட்டார். வழக்கறிஞரை அவர்கள் இருவரும் வோக்கா என்றுதான் சொல்வார்கள்.

"நாங்கள் போன அந்தக் கந்தோரிலை ஏதோ பிழையா எழுதிப்போட்டாங்களாம்" என்றார் யோகநாதன். "நான் பாக்கிறன்."

மறுநாள் வலது மேசைக்குப் போனார். தான் பொய்யாக மொழிபெயர்த்துவிட்டதாகச் சொன்னார். எமில் அதிர்ச்சியடையவில்லை. கவனமாகக் கேட்டார்.

"சாட்சி சொன்னவர் அவர். சொன்னதைத் திரும்பப் பெற அவரால்தான் முடியும்."

"அவருக்குப் பிரெஞ்சு தெரியாது."

"ஆகவே மொழிபெயர்ப்பாளர் தேவை. எங்களிடம் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் நீங்கள் ஒருவர்தான். பொய்யாக மொழிபெயர்ப்பவர் என்று நீங்களே சொல்வதால் உங்களை ஏற்க முடியாது."

"நான் சொல்வது பொய் என்று எடுத்துக்கொண்டால்?"

"அப்போது நீங்கள் நல்ல மொழிபெயர்ப்பாளர். திருத்துவதற்கு எதுவும் இல்லை."

யோகநாதன் இடது மேசையைப் பார்த்தார். வெளிமாவட்டத்தில் சொல்லப்பட்ட பொய் தன் மேசையில் பொய்யே அல்ல என்று மர்கரீத் அம்மையார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சொன்னார்.

இன்னொரு வழி இருக்கிறது என்றார் எமில். யோகநாதன் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கையெழுத்து வைக்கலாம். அனுமதி ரத்தாகும். கம்பனிக்கு அறிவிக்கப்படும். வழக்குத் தொடர்வதும் தொடராததும் மேலிடத்தின் விருப்பம். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். அந்தப் பணிமனையில் மூன்று படிவங்கள் இல்லாமல் நேராகச் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான்.

நாளைக்கு வருகிறேன் என்றார் யோகநாதன்.

நாளைக்கு ஒரு கலியாணத் தாலி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் ஞாயிறு. பிறகு, அகதி மன்றத்திலேயே நேராகச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அங்கே நீதிபதி இருப்பார். சரியான இடம் அதுதான். தோன்றியதும் மனம் சற்று இலகுவானது. இலகுவானதற்காகவும் அவர் வெட்கப்பட்டார்.

விசாரணையன்று கடையைப் பூட்டினார். தவசீலனோடு போனார். ரயிலில் ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இல்லை என்றார், நான் ஆம் என்றேன், குற்றம் என்னுடையது. வினைச்சொற்களின் காலத்தைச் சரிபார்த்துக்கொண்டார். தவசீலன் சன்னல் பக்கம் இருந்தார்.

"பயமாயிருக்கண்ணை" என்றார். "நீங்கள் வாறது எனக்குப் பெரிய தெம்பு."

மன்றத்தில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். யோகநாதனை உள்ளே விடவில்லை. தேவைப்பட்டால் சாட்சியாகக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். நடைகூடத்தில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார். வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

சுசான் வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார். பத்திரத்தை உறுதிப்படுத்தும்படி மன்றம் பணிமனையிடம் கேட்டிருந்தது. இரண்டு பதில்கள் வந்திருந்தன. அப்படியொரு சாட்சி இல்லவே இல்லை என்று உள்மாவட்டப் பிரிவு எழுதியிருந்தது. அப்படியொரு சாட்சியைத் தங்கள் வரலாற்றிலேயே கண்டதில்லை என்று வெளிமாவட்டப் பிரிவு எழுதியிருந்தது. நீதிபதி இரண்டையும் உரக்கப் படித்துவிட்டு, இவற்றில் எதையும் நம்ப முடியாது என்று பத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டார். உங்களைக் கூப்பிடத் தேவையே வரவில்லை என்றார் சுசான்.

யோகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது சந்தோஷம் என்று அவருக்குத் தெரிந்தது. தவசீலன் தப்பியதற்கான சந்தோஷம் அதில் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை.

சில வாரங்களில் முடிவு வந்தது. தவசீலன் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். செய்தியோடு காலையில் கடைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி கேக். முதலில் ஷட்டரைத் தூக்கினார், விளக்குகளைப் போட்டார், பிறகுதான் சொன்னார். சொல்லும்போது அழுதார். யோகநாதன் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"அந்தக் கந்தோர்க்காரன் என்னத்துக்கு அப்பிடி எழுதினவன் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்றார் தவசீலன். "நான் வடிவா இல்லையெண்டு சொன்னனான். நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள். சிரிச்சுக் கதைச்சுக் கையும் தந்திட்டு, என்ன மனிசரண்ணை இவங்கள்?"

அந்தப் பணிமனை செய்த காரியங்களில் பிழையில்லாதது ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி எழுதியது. யோகநாதன் கேக் பெட்டியின் நூலை அவிழ்த்தார்.

தவசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிக் கஜானியைக் கூப்பிட வேண்டும் என்றார். அதற்கு இன்னொரு அலுவலகம். அங்கேயும் கேள்விகள் கேட்பார்களாம். எப்போது கலியாணம், எங்கே, யார் யார் வந்தார்கள். ஒரு சொல் மாறினாலும் அவளை விடமாட்டார்களாம்.

"மன்றத்திலை எனக்குத் தந்த ஆளை எனக்குப் பிடிக்கேல்லையண்ணை. நான் சொன்னதைத்தான் சொல்லுறானோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இதுக்கு நீங்கள்தான் வரவேணும். உங்களை விட்டால் இஞ்சை நான் ஆரை நம்புறது?"

தெருவில் ஆட்கள் நடமாடத் தொடங்கியிருந்தார்கள். கடைக்குள் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். இப்போது சொல்லலாம் என்று யோகநாதன் நினைத்தார். வாயைத் திறந்தார். ரயிலில் பழகிய அந்த வாக்கியம் வந்தது. வேறு எந்த மொழியிலும் அவர் அதைச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. முழுவதையும் சொன்னார், மெதுவாக, வினைச்சொற்கள் பிசகாமல், பிரெஞ்சில்.

தவசீலன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை சொன்னனீங்கள்? எனக்கு விளங்கேல்லை."

"வாறன் எண்டு சொன்னனான்" என்றார் யோகநாதன்.